பத்து நாளில் கிடைக்கும் ஐஎஸ்ஓ சான்றிதழ் செல்லுமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஆபீஸில் 18 பேர். ஜெர்மன் பையர் ஐஎஸ்ஓ 27001 கேட்கிறார். பத்து நாளில் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். 27001 என்பது தகவல் பாதுகாப்புக்கான தரநிலை. உங்கள் தகவலை யார் தொடலாம், பேக்கப் எங்கே இருக்கும், சைபர் தாக்குதல் வந்தால் யார் என்ன செய்வது என்று நீங்களே வகுத்து, அதன்படி நடந்து காட்டும் முறை. ஆடிட்டர் இரண்டு கட்டமாகப் பார்ப்பார். நடந்ததற்கான பதிவுகள் சேரவே சில மாதம் பிடிக்கும். பத்து நாளில் அவர் எதைப் பார்ப்பார்?

ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தரநிலையை எழுதுவதோடு சரி. அதனால் காகிதத்தில் ஐஎஸ்ஓ முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மயங்காதீர்கள். சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று கேளுங்கள். இந்தியாவில் அது என்ஏபிசிபி. ஆவணம் எழுதித் தருபவரே ஆடிட்டும் செய்கிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள், விதி அதை அனுமதிப்பதில்லை. 27001-இன் பழைய 2013 பதிப்பில் சான்றிதழ் தந்தாலும் வேண்டாம். அதன் கெடு 2025 அக்டோபர் 31-ஓடு முடிந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். என்ஏபிசிபி பெயர் இல்லாவிட்டாலே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பிரிட்டனின் யூகாஸ், ஜெர்மனியின் டாக்ஸ் அங்கீகாரமும் செல்லும், ஏனென்றால் இவை ஒன்றையொன்று ஏற்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பவை. ஏஜென்ட்டுகள் புகுந்து விளையாடுவதும் இங்கேதான். வெளிநாட்டுப் பெயரில் தாங்களே ஓர் அங்கீகார அமைப்பை உண்டாக்கிவிடுகிறார்கள். அதனால் பெயரை நம்பாமல், அந்த அமைப்பு ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒரு கம்பெனியின் பெயரை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி, சான்றிதழ்களைச் சரிபார்க்க உதவும் ஐஏஎஃப் செர்ட்சர்ச் தளத்தில் தேடுங்கள்.

'ஐஎஸ்ஓ நகல் இணைக்கவும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, வந்த நகலைப் புரட்டிக்கூடப் பார்க்காத டெண்டர் அலுவலகங்கள்தான் இந்தக் கடைகளை வாழவைக்கின்றன. அந்தக் காகிதம் ஒரு திருட்டைக்கூடத் தடுக்காது.

பையரிடம் நேராகவே கேளுங்கள்: சான்றிதழ்தான் வேண்டுமா, பாதுகாப்புக் கேள்விப் பட்டியலுக்குப் பதில் தந்தால் போதுமா? சிறிய சப்ளையர் என்றால் பல பையர்கள் இரண்டாவதையே ஏற்பார்கள்.

அதற்குள் மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும்) போடுங்கள். ஏற்றுமதியாளர்களின் பணம் பல நேரம் மெயில் வழியாகத்தான் திருடு போகிறது. பையருக்கு உங்கள் பெயரிலேயே திருடன் ஒரு மெயில் அனுப்புவான். முகவரியில் ஆங்கில எம் (m) இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் (rn) இரண்டும் ஒட்டி நிற்கும், அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று அதில் இருக்கும். கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் பழைய நம்பருக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே பணம் அனுப்பும்படி பையரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். தாக்குதல் நடந்துவிட்டால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022-லிருந்து இது கட்டாயம். சான்றிதழ் இல்லாத கம்பெனிக்கும் பொருந்தும்.