முன்பணத்தோடு கிளம்பிப் போகும் பிள்ளைகள்

(விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருளர் பழங்குடியினர் குடியிருப்புகளிலும் ஊர்களிலும் குழந்தைகளுக்காக வேலை செய்பவள் நான். இந்த மாதம் வாசகர்களின் கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.)

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் இருளர் குடியிருப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் அத்தனை பேரும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார்கள். ஆடியில் திரும்பி வரும்போது படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கிறது. பெற்றோருக்கே அக்கறை இல்லாதபோது ஆசிரியர்கள் என்ன செய்ய முடியும்?
– ஓர் ஆசிரியை, செய்யாறு வட்டம்

டீச்சர், பிள்ளைகள் திரும்பி வந்ததையும் மறந்ததையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்கு நன்றி. ஆனால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் குடும்பம் தையில்தான் கிளம்புகிறது. ஆனால் போவதென்று முடிவானது ஐப்பசியிலோ கார்த்திகையிலோதான். அடைமழையில் கூலி வேலை நின்றுபோயிருக்கும். கூரை ஒழுகும். வீட்டில் யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி அந்த நேரம் பார்த்துத்தான் வருவார். முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ முன்பணமாகக் கையில் கொடுப்பார். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வர வேண்டும் என்பது பேச்சு. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் சூளையில் பிள்ளைக்கு வேலை இருக்கும்.

அது எப்படி என்று சொல்கிறேன். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெயில் ஏறுவதற்குள் கல் அறுத்தாக வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார்கள். அப்பா சேற்றைக் குழைப்பார், அம்மா அச்சில் அடித்து வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போவார். முந்தின நாள் அறுத்த பச்சைக்கல்லை ஓரம் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஈரம் காயாது. அறுத்த கல் வரிசைக்கு நடுவே பெரியவர் கால் வைத்தால் கல் நசுங்கும், நசுங்கிய கல் கணக்கில் சேராது. எட்டு வயதுப் பிள்ளையின் சின்னப் பாதம் அந்த இடுக்கில் போய்விடும். குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒவ்வொரு கல்லாகத் திருப்பிக்கொண்டே நகரும். உங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்காரும் பிள்ளைதான் அது.

இப்படி முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறெங்கும் போகக் கூடாது என்று மடக்கி வைத்து, குறைந்தபட்சக் கூலிகூடத் தராமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. அந்தக் கடனும் சட்டப்படி செல்லாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிறகு மறுவாழ்வு நிதியும் உண்டு. எல்லாச் சூளையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சந்தைக்குப் போக, சொந்த ஊர்ச் சாவுக்குப் போக முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா என்று ஆடியில் திரும்பி வரும் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். நிலவரம் தெரிந்துவிடும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தை வரை காத்திருக்க வேண்டாம். கார்த்திகையிலேயே குடியிருப்புக்குப் போய் யார் யார் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், எந்த ஊர்ச் சூளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி, அத்தை யாராவது ஊரில் தங்குவதாக இருந்தால் பிள்ளையை அவர்களிடம் விட்டுப்போகும்படி பேசலாம். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைப்பதால் பாட்டிக்கும் பாரம் குறைவு. அதற்கு வழியில்லாத பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் நல விடுதி, உண்டு உறைவிடப் பள்ளி ஆகியவற்றில் இடம் கேட்டு மனுப் போட வேண்டும்.

அப்படியும் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது அந்தப் பிள்ளையின் உரிமை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள். முடிந்தால் அந்த ஊர்த் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் பண்ணுங்கள். அந்த ஒரு போனால் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திண்டிவனம் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் புரட்டாசியிலேயே நூறு நாள் வேலையைக் கேட்டு வாங்கினோம். மகளிர் குழுக் கடனும் மழைக்கு முன்பே வந்து சேர்ந்தது. அந்த வருடம் மேஸ்திரி வந்தபோது பாதிக் குடும்பங்கள் கை நீட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் பங்குனியிலும் பள்ளியில் இருந்தார்கள். அங்கே நாங்கள் பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவுமே செய்யவில்லை.

கேள்வி: காலை உணவு, சத்துணவு, சீருடை, புத்தகம், சைக்கிள் என்று எல்லாவற்றையும் அரசு கொடுக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே சோறுதான் சாப்பிடுகிறார்கள். இதற்கு மேல் சமூக நீதி என்று நீங்கள் கேட்பது எதை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ஐயா, அந்தச் சோற்றை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். காமராஜர் 1956இல் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்ததும், 2022இல் காலை உணவு வந்ததும் எத்தனையோ தாய்மார் வயிற்றில் பால் வார்த்தவை. உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும் என்று எட்டரை மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளை வாரம்தோறும் பார்க்கிறேன்.

அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். மற்ற பிள்ளைகளுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு வேலை முடிந்துவிடும். பழங்குடிப் பிள்ளைக்குக் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அப்பாவின் சான்றிதழ் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, அவரிடம் எப்படி இருக்கும்? வீட்டுமனைப் பட்டாவைக் கேட்பார்கள். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்குப் பட்டா ஏது? அப்புறம் விசாரணை. ஒரு மாணவியின் விசாரணைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிப்பாயா என்று அவளைக் கேட்டார்கள். அறிவியலில் எண்பத்தேழு மதிப்பெண் எடுத்த பெண் அவள். தலையைக் குனிந்துகொண்டு, "எங்க தாத்தா பிடிப்பாருங்க சார்" என்றாள். அந்தச் சான்றிதழ் கையில் வருவதற்குள் அந்த ஆண்டுக்கான கல்லூரிச் சேர்க்கை முடிந்துபோனது.

சான்றிதழ் இல்லையென்றால் கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, விடுதி எதுவும் இல்லை. ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், இன்னொருத்தி சூளையில் நிற்கிறாள். நான் கேட்பது ஒன்றுதான். குடியிருப்புக்கே முகாம் போட்டு, பள்ளியில் சேரும் வயதிலேயே ஒவ்வொரு பழங்குடிப் பிள்ளைக்கும் சான்றிதழை வீடு தேடிக் கொடுக்க வேண்டும். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் திண்டிவனம் பக்கம் பல காலமாக இந்தச் சான்றிதழுக்காகப் போராடுகிறார்கள். இத்தனை வருடப் போராட்டம் தேவைப்படுகிற காரியமா இது?

கேள்வி: என் மகளின் பிறந்தநாளுக்கு உங்கள் பகுதிக் குழந்தைகளுக்குப் பிரியாணியும் நோட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். ஏற்பாடு செய்வீர்களா?
– ஒரு தாய், சென்னை

உங்கள் நல்ல மனது புரிகிறது அம்மா. படம் மட்டும் வேண்டாம். தட்டோடு நிற்கும் தன் படம் எங்கெங்கோ போகிறது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், அது வலிக்கும். குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். அந்தப் பணத்தில் சான்றிதழ் விசாரணைக்குப் போகும் ஒரு குடும்பத்தின் பஸ் செலவையும், அன்று அவர்கள் இழக்கும் கூலியையும் கொடுத்தால் பெரிய உதவி.

கேள்வி: உரிமை, உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசத்தானே செய்வார்கள்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தேனி

பேசுவார்கள் ஐயா, பேச வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். எங்கள் பகுதியில் ஞாயிறு மாலை பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அவர்களே கூட்டம் நடத்துவார்கள். ஒரு முறை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஏரிக்கரை வளைவில் விளக்கு இல்லை, டியூஷன் முடிந்து வரும்போது அந்த இடத்தில் தினமும் ஓடித்தான் வருகிறோம் என்றாள். அவளுடைய அம்மாவுக்கே அது தெரியாது. பிள்ளைகள் மனு எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் அவளே வாசித்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "பொம்பளப் புள்ள எதுக்கு இங்க?" என்று சத்தம் போட்டார். அவள் நிறுத்தவில்லை. "தாத்தா, உங்க பேத்தியும் அந்த வழியாத்தான் வர்றா" என்றாள். தீர்மானம் நிறைவேறியது, பொங்கலுக்குள் விளக்கும் வந்தது.

அவள் அந்தப் பெரியவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள் என்பதைக் கவனியுங்கள். பேசப் பழகிய பிள்ளைதான் தனக்கு ஒரு கெடுதல் நடந்தாலும் வீட்டில் வாய்திறந்து சொல்லும். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

கேள்வி: சமூகப் பணி முதுகலை முடிக்கப்போகிறேன். குழந்தைகள் உரிமைத் துறையில் வேலை செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
– மாணவர், திருச்சி

தம்பி, முதலில் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன், குறைவுதான். வீட்டில் பேசிவிட்டு வா.

வந்தபிறகு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாக ஏறாதே. எத்தனையோ பேர் வந்து கணக்கெடுத்துப் போய்விட்டார்கள் என்ற அலுப்பு எங்கள் மக்களுக்கு இருக்கிறது. எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, யார் எப்போது வேலைக்குக் கிளம்புகிறார்கள், ரேஷன் கடையில் யாருக்குக் கைரேகை விழவில்லை என்று கவனி. கல் அறுத்து அறுத்து ரேகை தேய்ந்த தாய்மார் இருக்கிறார்கள். மிஷின் ஏற்காமல் அரிசி வாங்காமலே திரும்புவார்கள், மறுநாள் அந்த வீட்டுப் பெரிய பிள்ளை பள்ளிக்கு வராது.

அப்புறம் மனு எழுதக் கற்றுக்கொள். ஒரு பக்கத்தில், ஒரு கோரிக்கை, தேதி போட்டு எழுத வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே. அதை நீயே செய்துவிடாமல், அந்தக் குடியிருப்புப் பெண் ஒருவரைக் கூட அழைத்துப் போ. மூன்றாவது மனுவை அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அந்த இடத்தில் இருளர் தாய் ஒருவர் உட்கார்ந்து, கூலி இழக்காத நேரத்தில் கூட்டம் வையுங்கள் என்று கேட்கும்வரை நீ அந்த ஊரை விட்டு நகராதே.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுச் சிறுமி வேலை செய்கிறாள். பள்ளிக்குப் போவதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது மட்டும் பார்க்கிறேன். சொன்னால் பகை வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்கள் சகோதரி. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. உங்கள் பெயர் அந்த வீட்டாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். வீட்டு எண், மாடி, எந்த நேரத்தில் அவள் வெளியே வருகிறாள் என்பதைத் தெளிவாகக் கொடுங்கள்.

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவரை வீட்டு வேலைக்கு வைப்பதற்கு 2006 அக்டோபரிலிருந்தே தடை இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்களே போய்க் கதவைத் தட்ட வேண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் சிறுமியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம். மீட்ட 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவார்கள். அவள் வீட்டு நிலைமையை விசாரித்து, பெற்றோரிடம் அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

போன் செய்த தேதியையும் அவர்கள் கொடுக்கும் பதிவு எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். இந்தப் பத்திரிகைக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நான் விசாரிக்கிறேன்.