குழாய் வேண்டாம் என்கிற நண்பர்

கேள்வி: எங்கள் ஐக்கியக் கூட்டத்தில் எட்டுக் குடும்பங்கள். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வீடு மாற்றி வீடு கூடுவோம். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எல்லாரும் உண்டு. எங்களில் ஒருவருக்கு வயது 48. இரண்டு ஆண்டுகளாக ஏ.எல்.எஸ். நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்). பேச்சு போய்விட்டது, ஒரு விரலால் போனில் தட்டித்தான் பேசுகிறார். இரவில் மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியை மாட்டித் தூங்குகிறார். மூச்சு இன்னும் குறையும், தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் கூட்டத்தின் மூத்தவர், ‘உயிர் கர்த்தர் கொடுத்தது, இது தற்கொலைக்குச் சமம்’ என்றார். பெரிய வாக்குவாதமாகிவிட்டது. மூன்று வாரமாக யாரும் அந்த நண்பர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நேற்று அவரிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வரி வந்தது: ‘நான் பாவம் செய்கிறேனா?’ என்ன பதில் எழுதுவது?
– பெயர் வேண்டாம், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: சகோதரரே, ‘இல்லை’ என்று முதலில் எழுதி அனுப்பிவிடுங்கள். ‘நாளைக்கு வருகிறேன்’ என்றும் சேர்த்து எழுதுங்கள். விளக்கத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வாரமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் உங்கள் மௌனத்தையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இனி விளக்கம். உயிர் தேவனுடையது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று உங்கள் மூத்தவர் சொன்னது முழு உண்மை. அதில் ஓர் எழுத்தையும் தளர்த்த வேண்டியதில்லை. ஆனால் உயிரை எடுப்பது வேறு, நோய் தன் முடிவுக்கு வரும்போது ஒரு கருவியைக் கொண்டு அதைத் தடுக்காமல் இருப்பது வேறு. இந்தக் கோடு இன்றைக்குப் போட்டதில்லை. 1957 நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகாத சாதாரணச் சிகிச்சையை ஏற்பதுதான் கடமை, அதைத் தாண்டியதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண்ணும் இதையே சொல்கிறது: பலனுக்கு மிஞ்சிய பாரமான சிகிச்சையை விடுவது மரணத்தை வரவழைப்பதாகாது, அதைத் தடுக்க முடியாத நிலையை ஏற்றுக்கொள்வது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் கருணைக் கொலையை மிகக் கடுமையாகக் கண்டித்த அதே சுற்றுமடலில்தான் இந்த வேறுபாட்டையும் தெளிவாக எழுதினார். பெந்தெகொஸ்தே சகோதரருக்கு இந்தப் பெயர்கள் போதாது என்றால் 2 தீமோத்தேயு 4:20ஐக் காட்டுங்கள். துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார் பவுல். அவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை.

ஏ.எல்.எஸ்.ஸில் வென்டிலேட்டர் மூச்சை மட்டும் தாங்கும், நோயை நிறுத்தாது. கை, கால், தொண்டை எல்லாம் படிப்படியாக ஓய்ந்துகொண்டே போகும். தொண்டையில் குழாயைப் போட்டுக்கொண்டு நல்லபடியாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். 1985இல் தொண்டையில் துளையிடப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் அதன்பின் 32 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆனால் அவருடையது மிக மெதுவாக நகர்ந்த அரிய வகை. இரவும் பகலும் பார்த்துக்கொள்ளச் செவிலியர்களும் இருந்தார்கள். ஆகவே ஒருவர் குழாயை ஏற்பதும் விசுவாசத்தோடு இருக்கலாம், மறுப்பதும் இருக்கலாம்.

இங்கேதான் உங்கள் எட்டுக் குடும்பங்களுக்கு வேலை இருக்கிறது. அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று யாராவது கேட்டீர்களா? ‘இந்த வாழ்க்கை போதும், கர்த்தரிடம் போக ஆயத்தமாக இருக்கிறேன்’ என்பது ஒரு காரணம். ‘ராத்திரி முழுக்க அவள் தூங்காமல் கிடப்பாள், அட்டெண்டருக்குப் பணம் எங்கே’ என்பது இன்னொன்று. துளையிட்டபின் சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் 24 மணி நேரமும் வேண்டும். அதை ஒரு மனைவி தனியாகச் செய்ய முடியாது, அந்தக் கணக்கு நண்பருக்கு நன்றாகவே தெரியும். வீட்டார் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் உதவிக்கு யாரும் இல்லை என்று தப்பாகக் கணக்குப் போட்டு அவர் வேண்டாம் என்றிருந்தால், அந்தத் தப்பு உங்களுடையது. எனவே, வாக்குக் கொடுக்கிற அளவுக்கு முதலில் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு, பிறகு அவரிடம் போய்க் கேளுங்கள்: ‘வாரத்தில் நான்கு இரவு நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அப்போது உன் பதில் மாறுமா?’ மாறினால் அந்த இரவுகளைக் கொடுத்தாக வேண்டும். மாறாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை கேட்பது வற்புறுத்தல்.

குழாய் வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்றில்லை என்பதையும் அனைவரும் புரிந்துகொள்ளுங்கள். வயிற்றில் வைக்கும் உணவுக் குழாய் தனி முடிவு. மூச்சு மிகவும் பலவீனமாகும் முன்பே அதை வைத்துவிடுவது பத்திரம் என்பதால் நரம்பியல் டாக்டரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாக உதவும். சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் கூடவே பேதி மருந்தும் கொடுப்பார்கள். எச்சில் வடிவதற்கும் மருந்து உண்டு. நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ், ஹெப்பாளில் உள்ள பாப்டிஸ்ட் மருத்துவமனை ஆகியவற்றில் இதற்கென்று நோய்த்தணிப்புப் பிரிவு (குணப்படுத்த முடியாத நோயிலும் வேதனையைக் குறைக்கும் பிரிவு) இருக்கிறது. என்றைக்காவது அவர் ‘எனக்கு ஊசி போட்டு முடித்துவிடுங்கள்’ என்று கேட்டால், அதற்கு நம் பதில் ‘மாட்டோம்’ என்பதுதான். ஆனால் பிரசங்கம் செய்யாமல் அன்றைக்கே அந்தப் பிரிவின் டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் கவனிக்கப்படாத திணறலோ, தூக்கமின்மையோ, மனச்சோர்வோ இருக்கலாம். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவு கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் குழப்பம் நடப்பது நள்ளிரவில். திணறல் கூடும், வீட்டார் பயந்து 108ஐ அழைப்பார்கள், அவசரப் பிரிவில் இருக்கிற டாக்டருக்கு இவர் விருப்பம் தெரியாது, குழாய் உள்ளே போய்விடும். பிறகு எடுப்பதற்கு மருத்துவமனையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மருத்துவக் குழுக்கள் கூடி முடிவெடுத்து, மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். இதற்குத்தான், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயில். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தன்னால் சொல்ல முடியாதபோது தனக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதையும் அதில் எழுத வேண்டும். கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்த ஆணை பிறப்பித்திருக்கிறது. அந்த ஒரு விரல் இயங்கும்போதே கையெழுத்தை முடித்துவிடுங்கள். உயிலின் நகலும் நரம்பியல் டாக்டரின் கடிதமும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கமாக இருக்கட்டும். திணறல் வந்தால் எந்த மருந்து, எந்த எண்ணுக்குப் போன் என்று நோய்த்தணிப்பு டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

இனி வீட்டுக்குப் போகும் விதம். எட்டுக் குடும்பமும் ஒன்றாகப் போய் ஹாலை நிறைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள். அவருக்குப் பலமாக இரும முடியாது, உங்கள் சாதாரணச் சளி அவருக்கு நிமோனியாவாகலாம். தொண்டை கரகரத்தால் அந்த வாரம் போக வேண்டாம். ஜெபம் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘விசுவாசித்தாயா?’ என்று அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். ஜெபத்தின் நடுவே அவர் திடீரென்று சிரிக்கலாம், அடக்க முடியாமல் அழலாம். இந்த நோயில் மூளையின் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும், கேலியோ அவிசுவாசமோ இல்லை. முகத்தைச் சுளிக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். அடிக்கடி நடந்தால் டாக்டரிடம் சொன்னால் மாத்திரை உண்டு.

சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் ரசம், டீ போன்ற தண்ணீர்ப் பதத்தில் இவருக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர்ப் பதம்தான் மூச்சுக்குழலில் சீக்கிரம் இறங்கும். கரண்டியிலிருந்து கட்டியாக விழும் ராகிக் கஞ்சி, நன்றாக மசித்த பருப்புச்சாதம் சரி. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்க வேண்டும். முடித்த பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வாயில் சோறு இருக்கும்போது சிரிப்பு மூட்டாதீர்கள். திருவிருந்து கொண்டுவரும் ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கிண்ணத்தைச் சாய்த்துக் குடிக்க வைக்க வேண்டாம். அப்பத்தில் பயறளவு கிள்ளி, திராட்சரசத்தில் தோய்த்து, நாக்கின் மேல் வைத்தால் போதும்.

இரவு முறை ஒன்பது மணி முதல் காலை ஆறு வரை. முதல் இரண்டு இரவு அவர் மனைவியோடு உட்கார்ந்து, மாஸ்க் மாட்டுவதையும், சளி உறிஞ்சும் கருவியையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதையும் பழகுங்கள். மூன்றாம் இரவு மனைவியை வேறு அறையில் தூங்க அனுப்புங்கள். மூக்குத் தண்டில் மாஸ்க் அழுத்தும் இடம் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள், சிவப்பு முதல் நாள், புண் மூன்றாம் நாள். பெங்களூரில் மழைக்கு மின்சாரம் போகும், எல்லாருக்கும் தெரிந்ததே. இன்வெர்ட்டரில் பைபாப் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை ஒரு பகலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்து எழுதிவையுங்கள். பணத்தை ஒருவர் மட்டும் கையாளட்டும். கூட்டம் முடிந்து கவரில் திணிப்பதைவிட, அட்டெண்டர் சம்பளம் இன்னார் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டால் வாங்குகிறவருக்குக் கூச்சம் குறையும்.

கடைசியாக, அந்த விரலும் ஓய்ந்துவிடும். கண் அசைவு பெரும்பாலும் இறுதிவரை இருக்கும். விரல் ஓயும் முன்பே ஒரு எழுத்துப் பலகை செய்து பழக்கிவிடுங்கள். 247 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை, நம் இலக்கணமே வழி செய்து வைத்திருக்கிறது. சார்ட் பேப்பரில் உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நான்கு வரிசை எழுதுங்கள். நீங்கள் வரிசையின் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் கண்ணை மேலே தூக்கினால் ‘ஆம்’. வல்லினம் என்றால் க, ச, ட, த, ப, ற என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘ப’வில் கண் உயர்ந்தால் ‘புள்ளியா, குறிலா, நெடிலா?’ என்று கேளுங்கள். நெடில் என்றால் ஆ, ஈ, ஊ என்று போக, ‘ஓ’வில் நிற்பார், ‘போ’ கிடைத்துவிடும். முதல் வாரம் ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பிறகு வேகம் வரும். ஓரத்தில் ‘சளி’, ‘புரட்டு’, ‘வலி’, ‘மாஸ்க்’, ‘ஜெபம் போதும்’ என்று தனிக் கட்டங்கள் இருக்கட்டும். இந்தப் பலகையை எழுதும் வேலையை அந்த மூத்தவரிடமே கொடுங்கள், அவரையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்து கேட்கட்டும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: நண்பர் சொல்லி முடிக்கும்வரை, பாதிச் சொல்லிலேயே ஊகித்து அவருக்காக முடித்துவிடக் கூடாது.