லேபிளைப் பார்த்துப் பூட் ஆகும் கணினி

கேள்வி: 4 டிபி டிஸ்க் வாங்கினேன். பழைய கணினியில் 2 டிபிதான் பயன்படுகிறது. டிஸ்க்கில் கோளாறா?

பதில்: இல்லை. டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணையில் செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டரில் கணக்கு 2 டிபியோடு முடிந்துவிடும். ஜிபிடி என்ற புதிய அட்டவணைக்கு மாறுங்கள். அதற்கு முன் தரவைப் பிரதி எடுங்கள்.

கேள்வி: ஃபர்ம்வேரை (கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்) சோதிக்கும் எஃப்டபிள்யூடிஎஸ் கருவியை ஓட்டினேன். 36 ஃபெயில் வந்தது. மதர்போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எத்தனை ஃபெயில் என்று எண்ணியவர், என்னென்ன என்று எழுதவில்லை. ஃபர்ம்வேர் பதிப்பையும் எழுதவில்லை. பதிப்பு தெரியாமல் ஃபர்ம்வேரைப் பற்றிப் பேசுவது வீண் என்று எத்தனை முறைதான் சொல்வது? ஒவ்வொரு ஃபெயிலுக்கும் கிரிட்டிக்கல், ஹை, மீடியம், லோ என்று தரம் உண்டு. முதல் இரண்டை மட்டும் பாருங்கள். வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணையில் சுழியாக இருக்க வேண்டிய ஒரு பிட் சுழியாக இல்லை என்பதற்காக யாரும் போர்டைத் திருப்பித் தருவதில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்து மறுபடி ஓட்டி, இரண்டு லாகையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் நிறுவியபின் பூட் பட்டியலில் அதன் பெயர் வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகிறது. என் தவறா?

பதில்: உங்கள் தவறே அல்ல. இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். பூட் பதிவுகளையும் அவற்றின் வரிசையையும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான என்வி‌ரேமில் வைத்து, அந்த வரிசைப்படியே முயல வேண்டும் என்பதுதான் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் தரநிலையின் விதி. பதிவின் பெயர் மனிதர்கள் படிப்பதற்கான லேபிள், அவ்வளவுதான். ஒருமுறை என் மேசைக்கு வந்த கணினி ஒன்று எந்த லினக்ஸ் பதிவையும் ஏற்கவில்லை. பாதை சரி, கோப்பு சரி, வரிசையும் சரி. அரை நாள் போனபின், எரிச்சலில் லேபிளை மட்டும் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று மாற்றினேன். உள்ளே இருந்தது அதே லினக்ஸ்தான். சமர்த்தாகப் பூட் ஆனது! ஒரே இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு ‘சோதித்தாயிற்று’ என்று அனுப்பினால் இப்படித்தான் ஆகும். விதிக்கு இணங்குவது வேறு, ஒரு விருந்தாளிக்கு மட்டும் கதவு திறப்பது வேறு. தற்காலிக வழி: இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட் லோடரை இஎஃப்ஐ பிரிவில் ‘பூட்எக்ஸ்64’ என்ற மாற்றுப் பெயரிலும் ஒரு பிரதி வையுங்கள். பட்டியலில் எதுவும் சரிவராதபோது ஃபர்ம்வேர் தேடும் இடம் அது. புகார் எழுதும்போது பதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: கையொப்பமிட்ட பூட் லோடரை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டின் சான்றிதழ்கள் 2026இல் காலாவதியாகின்றனவாமே. கணினி பூட் ஆகாதா?

பதில்: ஆகும். பூட் நேரத்தில் ஃபர்ம்வேர் பொதுவாக அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. காலாவதியாவது 2011 சான்றிதழ்கள்; புதிதாகக் கையொப்பமிடப்படும் பூட் லோடர்களுக்கு 2023 சான்றிதழ் தேவைப்படும். புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ விதிக்கு இணங்குகிறதா என்று சோதிக்கும் எஸ்சிடி-யை என் அலுவலக லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது யூஇஎஃப்ஐ ஷெல் என்ற கட்டளைத் திரையிலிருந்து ஒவ்வொரு சேவையையும் வேண்டுமென்றே தவறாகவும் அழைத்துப் பார்க்கும், என்வி‌ரேமில் எழுதும், நடுநடுவே ரீசெட் செய்யும். இழந்தாலும் கவலையில்லாத போர்டில், தரவு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.