காலையில் ஆன் செய்தால் பழைய தேதி: கோளாறு எங்கே?

கேள்வி: என் டெஸ்க்டாப் கணினி கொஞ்சம் பழையது. தினமும் காலையில் ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் போய் ஜனவரி 1 என்று நிற்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. தேதியைத் திருத்தினால் அன்று முழுக்கப் பிரச்சினை இல்லை. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கடிகாரம், இரவில் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதானே தடுமாறுகிறது? மின்சாரம் இல்லாத நேரத்தில் அதை ஓட்டுவது மதர்போர்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகையில், இருக்கும் பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் கடிகாரம் பயாஸின் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) தொடக்கத் தேதிக்குப் போய்விடும். இணையதளங்கள் மீது தப்பில்லை. அவை உண்மையானவைதான் என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்கள் குறிப்பிட்ட தேதி முதல்தான் செல்லும்; உங்கள் கணினியோ அதற்கும் முந்தைய காலத்தில் இருக்கிறது.

எதற்கும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, இரவு பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். காலையில் விண்டோஸுக்குப் போகாமல் நேராகப் பயாஸைத் திறந்து பாருங்கள். அங்கேயே தேதி தவறு என்றால் பேட்டரிதான்.

பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கழற்றும்முன் பயாஸ் அமைப்புகளை, குறிப்பாக பூட் வரிசையை (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை), போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அவையும் அழிந்துபோகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, பேட்டரி ஓரத்திலுள்ள கொக்கியை நகத்தால் தள்ளினால் அதுவே மேலே எழும்பும். புதியதைப் பொதுவாக + குறி மேலே தெரியும்படி வைக்க வேண்டும். பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்; விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் பயாஸில் தேதியை நீங்களே போடுங்கள். வித்தியாசம் வருடக்கணக்கில் இருந்தால் இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் விண்டோஸின் தானியங்கி ஒத்திசைவு பல நேரம் மறுத்துவிடும்.

பயாஸில் தேதி சரியாக இருந்து, விண்டோஸில் கடிகாரம் மட்டும் சில மணி நேரம் பிசகினால் பேட்டரியைத் தொடாதீர்கள், நேர மண்டலத்தைப் பாருங்கள். அதே கணினியில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தால் சந்தேகம் அதன்மேல்தான்: அது பயாஸ் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும்.