ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?
வாசகர் கேள்வி – பதில்

காங்கேயத்துக்குப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை (வீடு). நாலு ஏக்கர் தென்னை, ஒட்டினாற்போல் ஆறு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). மேச்சேரி ஆடு பதினைந்து உருப்படி, கொஞ்சம் நாட்டுக்கோழி. ஆத்தாவும் ஏழு வயதுப் பையனும் வீட்டில் இருக்கிறார்கள். ராத்திரிக் காவலுக்கு நம்ம ஊர் நாய் இனம் ஒன்று வாங்க ஆசை. மாமா ராஜபாளையம் என்கிறார், மச்சான் சிப்பிப்பாறைதான் என்கிறார். எதை வாங்குறதுங்க?

மச்சான் ஓட்டத்தைப் பார்க்கிறார், மாமா காவலைப் பார்க்கிறார். நீங்கள் கேட்பது காவல். அதனால் எங்கள் ஓட்டு மாமாவுக்கு, வேலி போட நீங்கள் தயாராக இருந்தால்.

சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டுகிற இனம். கொறங்காட்டுப் புல்லிலிருந்து முயல் ஒன்று எழுந்தால் போதும், அப்புறம் கூப்பிடுகிற குரல் அதன் காதில் ஏறாது. கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும், இதை நிறுத்தாது; வேரடியில் குட்டி ஆடு நுழைகிற சந்து போதும், உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்விடும். வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு என்றால் நாய் மிஞ்சாது. மயில் இன்னொரு வில்லங்கம். உங்கள் தோப்பிலும் மயில் மேயாமல் இருக்காது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது. நாயை விட்டு முயல் பிடிப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான். ‘தானாகப் பிடித்தது’ என்ற சமாதானத்தை நம்பி இருக்க வேண்டாம்.

ராஜபாளையம் உயரமும் எடையும் கூடினது. வீட்டை விட்டு அதிகம் விலகாது, அந்நியரைச் சேர்க்காது. இதன் சங்கடமும் அதுவேதான். பால்காரர், காய் போடுகிறவர், ஆட்டு வியாபாரி என்று தோட்டத்துக்கு நாள் தவறாமல் ஆள் வந்துகொண்டே இருக்கும். குட்டியாக இருக்கும்போதே, மூன்று மாதத்துக்குள், இவர்களைப் பக்கத்தில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கப்புறம் பழக்குவது பெரும்பாடு. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய் அவிழ்த்த கையையே கடிக்கும். சாளையைச் சுற்றி இருபது சென்ட்டுக்கு மட்டும் ஆறடிக் கம்பி வலை போட்டு, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். தோண்டுகிற நாய்க்கு அதுதான் தடை. ராத்திரி அதற்குள் அவிழ்த்து விடலாம். ஆட்டுப்பட்டிப் படலும் இந்த வலைக்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எதை வாங்கினாலும் கோழி, ஆடு பழக்கம் தனியாகச் செய்ய வேண்டும். எட்டு வாரம் முடிந்த குட்டியை ஐந்து மீட்டர் கயிற்றில் பிடித்து, கோழி கூட்டுக்குள் இருக்கும்போதே பக்கத்தில் நிறுத்துங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். கோழியை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிற அந்த நொடியில் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்று வாய்க்குள் போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஒன்றரை வயது வரை கோழிக்கூட்டத்துக்குள் தனியாக விடாதீர்கள். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடுகிற வைத்தியம் இருக்கிறதே, நாறுவதைத் தவிர அதில் எந்தப் பலனும் இல்லை.

ராஜபாளையம் குட்டி, வயது ஏழு வாரம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூக்கெல்லாம் ரோஸ் நிறம். வியாதியா?

மூக்கு நிறம் இந்த இனத்தின் லட்சணம், வியாதி இல்லை. வெயில் மட்டும் ஆகாது. சித்திரை வைகாசியில் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நிழலில் வையுங்கள்.

காதுதான் கவலை. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாய்கள் சிலவற்றில் அவை அங்கே இல்லாமல் போவதால், பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. மருந்தில்லை.

குட்டி தூங்கும்போது பின்பக்கம் நாலடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். காலைத் தட்டக் கூடாது, தரை அதிர்ந்தால் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். பக்கத்தில் கை தட்டினால் காற்று படும், அதுவும் ஏமாற்றும். கூடப் பிறந்த குட்டிகளோடு வைத்தும் பார்க்காதீர்கள், அவை எழுந்தால் இதுவும் எழும். சத்தம் வந்த பக்கத்தை விட்டு வேறு பக்கம் தேடினால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். ஒரு காது கேட்கிற நாய் வீட்டுக்குப் போதும். ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்காதீர்கள். சந்தேகம் தீர நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உடுமலைக் கல்லூரியிலோ காட்டி, காது கேட்கிறதா என்று மின் அலையை வைத்துப் பார்க்கிற பரிசோதனையை எங்கே செய்யலாம் என்று கேளுங்கள்.

சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது. சோறு போடுவதில்லையா என்று ஊரே கேட்கிறது!

கடைசி இரண்டு மூன்று விலாவும் இடுப்பெலும்பு முனையும் லேசாகத் தெரிவதுதான் அதன் உடல்வாகு. முதுகுத்தண்டு வரிவரியாகத் துருத்தினால்தான் கணக்கு வேறு. அப்போது முதலில் குடல்பூச்சி மருந்து, அப்புறம் தீனி. வெறும் ராகிக்களியும் மோரும் போட்டால் வயிறு நிறையும், சதை ஏறாது. முட்டையோ கோழிக்கறியோ தினமும் சேர வேண்டும். வெந்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். தின்றதும் ஒரு மணி நேரம் ஓட விடக் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளம் மாதிரி ஆகி, வாந்திக்கு முக்கியும் ஒன்றும் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சிப்பிப்பாறைப் பெட்டைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா?

தாராளமாக. ஒன்று மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: இது கொழுப்பில்லாத வேட்டைநாய் இனம். தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து இந்த உடம்பில் சீக்கிரம் கரையாது, நாய் எழுவதற்கு நெடுநேரம் ஆகும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரத்தரையில் போடாமல் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். கொழுப்பில்லாத உடம்பு சட்டென்று சில்லிட்டுவிடும்.