சிகரெட்டை விடப் பார்க்கிற கூட்டாளிக்கு முதல் வேப்

தம்பி, நீங்க கேட்டது இதுதான். கல்லடியில் இருந்து உங்களோடு படிக்க வந்த கூட்டாளி லண்டனில் ஒரே ரூமில் இருக்கிறார். ஊரில் நாளைக்கு நாலைந்து சிகரெட் பத்தினவர் இங்கே பதினைந்துக்கு ஏறிவிட்டார். விடவேண்டும் என்கிறார். வேப், அதாவது மின்சிகரெட், ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனால் சுவர் முழுக்கச் சாமான், எதை எடுப்பது என்று தெரியவில்லை. டிசம்பரில் இரண்டு பேரும் மட்டக்களப்புக்குப் போகிறீங்க, அதை அங்கேயும் கொண்டுபோகலாமா? கடைசிக் கேள்விக்கு மறுமொழி: கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் கூடப் பத்துவதற்கு மன அழுத்தம், குளிர் என்று ஆயிரம் சொல்வார். பெரிய காரணம் பெட்டிதான். ஊரில் சந்திக் கடையில் தனிச் சிகரெட் ஒன்று வாங்கி, தொங்குகிற தும்புக் கயிற்றில் பத்தவைத்து, பிளேன்ரீயோடு முடித்துவிட்டு வரலாம். அடுத்ததுக்கு மறுகா கடைக்கு நடக்கவேண்டும். இங்கே 2017 முதல் இருபதுக்குக் குறைந்த பெட்டியோ, 30 கிராமுக்குக் குறைந்த சுருட்டும் புகையிலையோ விற்க ஏலாது. இருபதும் சட்டைப் பைக்குள் இருந்தால் கை சும்மா இருக்குமா? இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேப்பும் எந்த நேரமும் பைக்குள்தான் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

எதிர்பார்ப்பை முதலில் சரிப்படுத்துங்க. சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிவதால் வருகிற தாரும் காபன் மொனொக்சைட்டும். வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த இரண்டும் இல்லை. அதற்காகத் தீங்கே இல்லாத சாமான் என்று நினைக்காதீங்க. பத்தாத ஆள் தொடவே கூடாது, நீங்களும் ருசி பார்க்காதீங்க. இங்கிலாந்தில் 886 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2019இல் வந்தது. வேப் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 18 பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் பட்ச், நிக்கொட்டின் சுவிங்கம் மாதிரியானவை கொடுத்தவர்களில் 9.9 பேர். ஆனால் வேப்பால் விட்டவர்களில் நூற்றுக்கு 80 பேர் அந்த ஒரு வருட முடிவிலும் வேப்போடுதான் இருந்தார்கள். விட்டது சிகரெட்டை, பழக்கம் ஏற்றுகிற நிக்கொட்டினை அல்ல. உங்கட கூட்டாளிக்கு இது முதலே தெரிந்திருக்கட்டும்.

இனிச் சாமான். எடுக்கவேண்டியது திரும்பத் திரும்ப ஜூஸ் (நிக்கொட்டின் கலந்த திரவம்) நிரப்பக்கூடிய பொட் கிட்: சின்னப் பற்றரியும், அதில் சொருகுகிற பொட் என்ற ஜூஸ் குப்பியும். பெரிய பெட்டி மாதிரிப் பற்றரி, வெளியே அகலக் கண்ணாடித் தாங்கி, ஊதினால் பஸ் தரிப்பிடமே மறைகிற மேகம் - அது பழகினவர்களின் விளையாட்டு. சிகரெட்டை நாம் முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகு நெஞ்சுக்குள் எடுக்கிறோம். அதே இழுவையைத் தருகிற சாமான்தான் வேண்டும். அதற்கு அடையாளம் கொயிலின், அதாவது ஜூஸைச் சூடாக்குகிற கம்பிச்சுருளின், ஓம் அளவு (மின்தடை). 0.8 தொடக்கம் 1.2 வரை இருந்தால் சிகரெட் இழுவை. 0.6 என்றால் காற்று கூட, இருமல் வரும். 0.4, 0.2 என்று கீழே போனால் அது மேகக்காரரின் பக்கம்.

வேப்பரெஸ்ஸோவின் எக்ஸ்ரோஸ் வரிசை, யூவெல் கலிபேர்ன் ஜி வரிசை, இந்த இரண்டில் எதை எடுத்தாலும் பிழையில்லை. எக்ஸ்ரோஸில் கொயில் பொட்டோடு சேர்ந்தே வரும், பழுதானால் முழுப் பொட்டையும் மாற்றவேண்டும். கலிபேர்ன் ஜி2இல் கொயிலை மட்டும் பிடுங்கி மாற்றலாம். கொஞ்சம் மலிவு, ஆனால் கையில் ஜூஸ் பிரளும். முதல் தடவைக்காரருக்கு எக்ஸ்ரோஸ் மாதிரி முழுப் பொட் வகையையே நான் சொல்வேன். பற்றரியின் கொள்ளளவு 750க்கும் 1000க்கும் இடையில் எம்ஏஎச் (mAh) இருந்தால் ஒரு நாள் ஓடும். பொத்தான் அமத்தவேண்டாத, இழுத்தால் தானே வேலை செய்கிற வகையாகப் பாருங்க. கிட் 15 தொடக்கம் 30 பவுணுக்குள் வரும். வாங்கக்குள்ள அதே கடையில் அதற்குரிய பொட் தனியாகக் கிடக்கிறதா என்று கேளுங்க. பொட் கிடைக்காத கிட் இரண்டு கிழமையில் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

ஒருதரம் பாவித்து எறிகிற வேப்பை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா முழுக்க விற்கக்கூடாது. இன்னும் கவுண்டருக்குக் கீழே இருந்து எடுத்துத் தருகிற கடைகள் இருக்கு, வாங்காதீங்க. சட்டப்படி பொட்டில் 2 மில்லிலீட்டருக்கு மேல் பிடிக்கக்கூடாது, நிக்கொட்டின் மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, நிக்கொட்டின் ஜூஸ் போத்தல் 10 மில்லிலீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த மூன்று இலக்கத்துக்கும் மிஞ்சிய சாமான் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று ஆருக்கும் தெரியாது.

ஜூஸில்தான் அதிகமானோர் பிழை விடுகிறார்கள். பயந்து 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் எடுப்பார்கள். பதினைந்து சிகரெட் காரருக்கு அது தண்ணி. இரண்டு நாள் ஊதிவிட்டு "இது சரிவராது" என்று மறுகா பெட்டி வாங்குவார். உங்கட கூட்டாளி எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் பத்துகிறவர் என்றால், 20 மில்லிகிராம் நிக்கொட்டின் சோல்ட் எடுங்க. பத்துக்குக் குறைவாகப் பத்துகிறவருக்கு 10 போதும். சோல்ட் என்று கேட்டு வாங்கவேண்டும். சாதாரண நிக்கொட்டின் அதே அளவில் தொண்டையைக் குத்தும், சோல்ட் மெல்லமாக இறங்கும்.

போத்தலில் 50/50 என்று இருக்கிறதா என்றும் பாருங்க. அதில் ஒரு பாதி கிளிசரின். கிளிசரின் கூடக் கூட ஜூஸ் தயிருக்கு விடுகிற கித்துள் பாணி மாதிரித் தடிக்கும். கிளிசரின் 70 உள்ள 70/30 ஜூஸ் சின்னப் பொட்டின் பஞ்சுக்குள் சுறுக்கா ஊறாது, பஞ்சு காய்ந்து கருகும். 50 மில்லிலீட்டர் பெரிய போத்தல் மலிவாகத் தெரியும். அதில் நிக்கொட்டினே இருக்காது, பெரும்பாலும் தடித்ததும் அதுதான். வேண்டாம்.

ருசி அவர் இஷ்டம். புகையிலை ருசி என்று எழுதியிருப்பது கோல்ட் லீஃப் சிகரெட் மாதிரி இருக்காது, ஏமாற்றம்தான் வரும். புகையிலை ஒன்று, மின்ட் ஒன்று, பழம் ஒன்று என மூன்று சின்னப் போத்தல் எடுத்துப் பார்க்கட்டும். இனிப்புக் கூடின ருசி கொயிலில் சீனி காய்ச்சின மாதிரிப் பிடிக்கும், பொட் சுறுக்கா முடியும். வாசத்துக்கென்று கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய் ஒரு சொட்டும் விடக்கூடாது. எண்ணெய் ஆவியாகி நெஞ்சுக்குள் போனால் சுவாசப்பையில் அழற்சி வரும்.

நிரப்புகிற விதம் முக்கியம், மூன்று நாளில் பொட்டைக் கருக்குகிறவர்கள் பிழைப்பது இங்கேதான். பொட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, போத்தல் மூக்கை நிரப்புகிற துளைக்குள் வைத்து மெல்ல அமத்துங்க. நடுவில் காற்றுப் போகிற குழாய் ஒன்று இருக்கும், அதற்குள் ஒரு சொட்டும் விழக்கூடாது. விளிம்பு வரை நிரப்பாமல் சின்னக் காற்றுக் குமிழி ஒன்று மிஞ்ச விடுங்க. மூடிவிட்டு நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் தொடாதீங்க. குத்துவிளக்குத் திரி எண்ணெயில் ஊறுமுதல் கொளுத்தினால் என்ன நடக்கும்? இதுவும் அதேதான். புதுப் பொட்டின் பஞ்சு ஒருதரம் கருகினால் அந்த ருசி போகாது, பொட்டை எறியவேண்டியதுதான். இந்தப் பத்து நிமிடம் புதுப் பொட்டுக்கு மட்டும். பிறகு நிரப்பக்குள்ள ஒன்றிரண்டு நிமிடம் போதும், ஆனால் ஜூஸ் கால்வாசிக்குக் கீழே இறங்க விடாதீங்க.

ஊதுவதும் வேறு விதம். சிகரெட் மாதிரிப் பலமாக, சுறுக்காக இழுத்தால் ஜூஸ் குழாய்க்குள் ஏறி வாயில் தெறிக்கும். மெல்ல, மூன்று நாலு விநாடி இழுக்கவேண்டும். சிகரெட்டின் நிக்கொட்டின் மூளைக்கு உடனே ஏறும், இது கொஞ்சம் பிந்தும். ஐந்தாறு இழுவை இழுத்து ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்க. தலை சுற்றினால், விக்கல் வந்தால், பிரட்டினால் கூடிப்போச்சு, கீழே வைக்கவேண்டும். நாள் முழுக்க ஊதியும் சிகரெட் நினைப்பு வந்தால் குறைவு. தொண்டை வறண்டால் தண்ணி குடித்தால் சரி.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க: பாதி சிகரெட், பாதி வேப் என்று மாதக் கணக்காக இழுபடக்கூடாது. முதல் கிழமை கலந்து போகட்டும். பிறகு ஒரு நாளைக் குறித்து, சிகரெட், லைட்டர் எல்லாம் ரூமுக்கு வெளியே. பெட்டி பைக்குள் இருக்கும் வரைக்கும் வேப் அதற்குத் துணைதான்.

பலர் அறியாத ஒரு விசயம். சிகரெட் புகை ஈரலைத் தூண்டி கஃபீனைச் சுறுக்கா அழிக்கவைக்கும். இதைச் செய்வது புகை, நிக்கொட்டின் அல்ல. புகை நின்றதும் அதே அளவு கோப்பியும் தேத்தண்ணியும் உடம்பில் கனநேரம் நிற்கும். நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, பழி வேப்பில் விழும். நாளைக்கு ஐந்தாறு பிளேன்ரீ என்றால் பாதியாக்கச் சொல்லுங்க. அவர் முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) தியோபிலின் குளிசை ஊரிலிருந்து கொண்டுவந்து போடுகிறவரா என்றும் கேளுங்க. அதுவும் இதே விதமாக இரத்தத்தில் கூடும். அப்படியென்றால் விடுகிற நாளுக்கு முதலே ஜிபியிடம் (குடும்ப டொக்டரிடம்) சொல்லி அளவைப் பார்க்கவேண்டும்.

பழுதுகள் பெரும்பாலும் நாலுதான். கருகிய ருசி: ஜூஸ் குறைவு, அல்லது ஒன்றிரண்டு கிழமை ஓடிய பொட் முடிந்துவிட்டது. களகளவென்ற சத்தம்: குழாய்க்குள் ஜூஸ். பொட்டைக் கழற்றி, ரிசுவைச் சுருட்டி வாய்ப்பக்கம் விட்டுத் துடைத்து, இரண்டு உதறு. அடியில் கசிவு: படுக்க வைத்தது, அல்லது மூடி சரியாக இறுகவில்லை. இழுத்தும் லைட் மின்னிவிட்டு நின்றால் பொட் அடியில் உள்ள தங்க நிறப் புள்ளியையும் பற்றரிப் பக்கத்தையும் காய்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். சார்ஜ் பண்ண 5 வோல்ட் 1 அம்பியர் சாதாரணத் தலை போதும். மெத்தையில், தலகாணிக்குக் கீழே வைத்துச் சார்ஜ் பண்ணவே வேண்டாம். நாலைந்து பேர் இருக்கிற வீடு, லிதியம் பற்றரி. சீலிங்கில் இருக்கிற அலார்ம் வேப் ஆவிக்கும் கத்தும், நடுச்சாமத்தில் வீட்டையே எழுப்பாமல் யன்னல் பக்கம் போகச் சொல்லுங்க. லண்டன் பஸ்ஸிலும் டியூபிலும் வேப்புக்கும் தடை. ஜூஸ் போத்தல் வீட்டுக்காரரின் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில். ஒரு வாய் குடித்தாலும் ஆஸ்பத்திரிதான்.

செலவு: 10 மில்லிலீட்டர் போத்தல் மூன்று நாலு பவுண், நாலைந்து நாளைக்கு வரும். பொட்டும் சேர்த்து மாதம் 35 பவுணுக்குள் பிடிக்கலாம். 2026 ஒக்டோபர் 1 முதல் 10 மில்லிலீட்டருக்கு 2.20 பவுண் வரி, வாட் வரியும் சேர்ந்தால் 2.64. அதைக் கூட்டினாலும் பதினைந்து சிகரெட்டின் மாதச் செலவு 300 பவுணைத் தாண்டும் என்பதால் கிட்டவும் வராது.

காசு கொடுக்குமுதல் உங்கட கவுன்சிலின் சிகரெட் விடுகிற சேவையைக் கேளுங்க. இங்கிலாந்தில் பல இடங்களில் வேப் கிட்டே சும்மா தருகிறார்கள், கூடவே கிழமைக்கு ஒருதரம் பேச ஆளும் தருவார்கள். மாணவர் விசாவுக்கு வருடம் 776 பவுண் என்எச்எஸ்ஸுக்கு (அரச சுகாதார சேவைக்கு) கட்டிவிட்டுத்தானே வந்தவர், கூச்சம் எதற்கு? வேப் பிடிக்காவிட்டால் வரெனிக்லின், சைட்டிசின் குளிசைகளும் அங்கே கேட்கலாம்.

நிக்கொட்டினைக் குறைக்கிறது அவசரமில்லை. சிகரெட் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனபிறகு 20இல் இருந்து 10, பிறகு 5. இறக்கினதும் கூட ஊதத் தொடங்கினால் இறக்கினது சுறுக்கு, பழைய அளவுக்கே போகட்டும்.

இனி டிசம்பர். இலங்கையில் மின்சிகரெட்டைக் கொண்டுவரவும் விற்கவும் தடை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிபடும், தப்பிப் போனாலும் பொட் ஒன்று கருகினால் மட்டக்களப்பில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? தோகா வழி, சிங்கப்பூர் வழி என்றால் அந்த நாடுகளிலும் தடை. லண்டனிலேயே வைத்துவிட்டுப் போங்க. போகமுதல் இங்கே பார்மசியில் 24 மணித்தியால 21 மில்லிகிராம் பட்ச் மூன்று கிழமைக்கும், 2 மில்லிகிராம் சுவிங்கம் ஒரு பெட்டியும் எடுங்க. பட்ச் காலையில் புது இடத்தில் ஒட்டவேண்டும். சந்திக் கடையில் பழைய கூட்டாளிமார் ஒன்று நீட்டுகிற நேரத்துக்குச் சுவிங்கம். அதைச் சாதாரண சுவிங்கம் மாதிரிச் சப்பிக்கொண்டே இருக்கக்கூடாது. மிளகு மாதிரிக் காரம் வரும்வரை சப்பி, வெத்திலையை ஒதுக்குகிற மாதிரிக் கொடுப்புக்குள் ஒதுக்கவேண்டும், காரம் போனதும் மறுகா சப்பவேண்டும், அரை மணித்தியாலம் வரை. முன்னுக்குப் பதினைந்து நிமிடமும் சப்பக்குள்ளையும் கோப்பி, யூஸ், சோடா வேண்டாம், வாய் புளித்தால் நிக்கொட்டின் உள்ளே இறங்காது.