வேலைக்காக வெளிநாடு போகும்போது மருந்து, சோப்பு, ஷாம்பு எல்லாம் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால், மருந்து என்பது அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து முதல் மருந்துச்சீட்டு வாங்கும் நாள் வரைக்கும். சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் முதல் வாரத்துக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாதிப் பெட்டியை ஷாம்பு பாட்டில்கள் அடைத்துக்கொண்டிருக்கும். தினமும் போட வேண்டிய மாத்திரையோ மூன்று வாரத்துக்குக்கூடத் தாங்காது. எனக்கு இரத்த அழுத்தத்துக்கும் என் மனைவிக்குத் தைராய்டுக்கும் தினசரி மாத்திரை உண்டு. அதனால் வேலைக்காக நாடு மாறும்போதெல்லாம் நாங்கள் துணிமணிக்கு முன்னால் மருந்தைத்தான் எடுத்து வைப்போம்.

போய் இறங்கியதும் டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இருப்பதில்லை. முதலில் தங்கும் அனுமதி அட்டை வர வேண்டும். அதைக் காட்டித்தான் காப்பீடு தொடங்கும். பல நாடுகளில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிந்த பிறகுதான் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்கும். இதற்கிடையில் வீடு தேட வேண்டும், வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், சேர்ந்த மாதமே அலுவலகத்தில் விடுப்புக் கேட்கவும் தயக்கமாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு நிறுவனக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் உண்டா என்பதை வேலையில் சேரும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சட்டம் அனுமதித்தால், மூன்று மாத மருந்து கையில் இருப்பது நிம்மதி.

சட்டம் அனுமதித்தால் என்று சொன்னதைச் சும்மா கடந்து போய்விடாதீர்கள். கிளம்பும் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து, இறங்கும் நாட்டில் உங்களைப் போலீஸ் நிலையம் வரை கொண்டுபோய்விடலாம். ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை அங்கே கொண்டுபோகக் கூடாது. கவனக்குறைவுக் கோளாறுக்குச் சில நாடுகளில் கொடுக்கும் ஆம்பெட்டமின் மாத்திரையை டாக்டர் சீட்டு இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். சாதாரண மருந்துச்சீட்டு மாத்திரையே ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் 'யுன்யு ககுனின்-ஷோ' என்ற இறக்குமதி உறுதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். சிங்கப்பூரில் கோடீன் என்ற ஓபியம் வகை மருந்து கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு என்பது பொதுவான கணக்கு. 2017இல் டிராமடால் என்ற வலி மாத்திரையோடு எகிப்தில் இறங்கிய ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு அங்குள்ள நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இது எனக்குத் தெரியாது என்று சுங்க அதிகாரியிடம் சொல்வதால் ஒன்றும் ஆகாது.

ஆகவே உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கோடீன், டிராமடால், அல்பிரசோலம், டயசிபாம், பிரிகாபலின், சூடோஎபெட்ரின் இவற்றில் எது இருந்தாலும் நின்று விசாரிக்க வேண்டும். ஜலதோஷ மாத்திரைகளில் மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்தே இருக்கும் என்பதால் அவற்றைத்தான் அதிகக் கவனமாகப் படிக்க வேண்டும். சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கான விதிகளை நாடுவாரியாகத் தொகுத்துத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு மருந்தின் பெயரையும் அளவையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு நாட்டில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி ஏற வேண்டியிருந்தால் அந்த நாட்டு விதியும் உங்களுக்குப் பொருந்தும்.

சட்டத்துக்கு அடுத்தது டாக்டர் கடிதம். இதற்கென்றே ஒரு முறை உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அவசரத்தில் கிறுக்கிய சீட்டு போதாது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்தும் பதிவு எண்ணும் தேதியும் இட்ட கடிதம் வேண்டும். என் மனைவியின் கடிதத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தைராய்டு சுரப்புக் குறைவுக்காக, தொடர்ந்து. மருந்தின் வேதிப்பெயர், அளவு, வேளை, காரணம் என்ற இந்த நாலும் இருந்தால் சுங்க அதிகாரியும் புரிந்துகொள்வார், அங்குள்ள டாக்டரும் புரிந்துகொள்வார். கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் கூடவே இணைத்துவிடுங்கள். காகிதத்தில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி.

வேதிப்பெயரை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரை எல்லை தாண்டிய பிறகு நம்பவே முடியாது. அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்றால் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் வீக்கமும் வலியும் குறைக்கும் வேறொரு மருந்து விற்றது. அமெரிக்காவில் டிலாகோர் என்பது டில்டியாசெம். செர்பியாவில் அதே பெயரில் இருந்தது டிஜாக்சின். இரண்டுமே இதய நோயாளிகளுக்கானவை, ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிப்பட்ட பெயர்களைக் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டிருக்கிறது. இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. அதிலும் சில விலக்குகள் உண்டு. பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள். கொண்டுவந்த பாராசிட்டமாலோடு அங்கே வாங்கிய சளி மாத்திரையையும் போட்டு, இரண்டிலும் ஒரே மருந்து இருப்பது தெரியாமல் அளவு கூடிப் போவது அடிக்கடி நடப்பது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு.

அப்புறம், நீங்கள் போடும் மருந்து அந்த நாட்டில் இல்லாமலே போகலாம். நிமெசுலைடு என்ற வலி மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதே இல்லை. மெட்டமிசோல் என்ற இன்னொரு வலி மருந்தை அமெரிக்கா 1977இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஜெர்மனியில் இன்றும் டாக்டர் சீட்டுக்குத் தருகிறார்கள். நீண்டகாலம் சாப்பிடும் மருந்து போகும் நாட்டில் கிடைக்காது என்று தெரிந்தால், கிளம்புவதற்கு ஓரிரு மாதம் முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லி, அங்கே கிடைக்கும் மருந்துக்கு மாறிவிடுங்கள். மாற்று மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை உங்களைத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். தைராய்டு மாத்திரையில் தயாரிப்பு மாறினால்கூட, இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு நகரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

பெட்டியில் வைக்கும் விதத்துக்கு வருவோம். தினசரி மருந்து எப்போதும் ஹேண்ட் லக்கேஜில்தான். செக்-இன் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் சட்டையை அங்கே வாங்கிக்கொள்ளலாம், இன்சுலினை அப்படி வாங்க முடியாது. இன்சுலினுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறைந்தால் பயன்படாது. விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறைந்துபோக வாய்ப்பு உண்டு. ஐஸ் பேக் வைக்கும்போதும் இன்சுலின் நேரடியாக அதைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். ஊசிக்கும் சேர்த்து டாக்டர் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். இடம் மிச்சமாகும் என்று பலரும் செய்வது இது. பிரித்த மாத்திரைக்குப் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, அது என்ன என்று நிரூபிக்க வழியும் இல்லை. அட்டையை வெட்டினாலும் பெயரும் தேதியும் இருக்கும் பகுதி தனியே போய்விடும். முழு அட்டை, அதன் காகிதப் பெட்டி, வாங்கிய ரசீது என்று அப்படியே எடுத்துப் போங்கள். மருந்தை வாங்கும்போதே காலாவதி இன்னும் ஓராண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2006 முதல் பெரும்பாலான விமான நிலையங்களில் கையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மருந்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பையைத் திறக்கும் முன் நீங்களே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் இரண்டு நாள் எந்த மணிக்கு எந்த வேளை என்பதை டாக்டரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலின், வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தாங்களாகக் கணக்குப் போடக் கூடாது.

பொது உபயோகத்துக்குச் சின்னப் பை போதும். பாராசிட்டமால், ஒவ்வாமைக்குச் செட்டிரிசின், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, பிளாஸ்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர். முதல் இரண்டு வாரத்தில் ராத்திரியில் காய்ச்சல் வந்தால் அறிமுகமில்லாத தெருவில் மருந்துக்கடை தேடாமலிருக்க இவை உதவும். எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் வாங்கி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தக் கிருமி என்று தெரியாமல் போடும் ஆன்டிபயாடிக் நோயைத் தீர்க்காமல் மறைத்து வைக்கும். லேபிள் இல்லாத பொடி, லேகியம், வேர் எதுவும் வேண்டாம். அவை என்ன என்று உங்களுக்குத் தெரியும், சோதிப்பவருக்குத் தெரியாது.

சோப்பு, ஷாம்பு விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. உலகத்தில் மனிதர் வாழும் எந்த ஊரிலும் அவை கிடைக்கும். போகும் இடத்தின் தண்ணீரும் காற்றும் வேறாக இருக்கும் என்பதால், இங்கே ஒத்துக்கொண்ட ஷாம்பு அங்கே ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. கட்டி சோப்பு ஒன்று, சிறிய பற்பசை, பிரஷ், சீப்பு, சின்ன பாட்டிலில் ஷாம்பு, அவ்வளவுதான். குளிரும் வறட்சியும் உள்ள இடம் என்றால் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா கட்டாயம். உதடும் குதிகாலும் முதல் வாரத்திலேயே வெடித்துவிடும்.

பாட்டில் ஒழுகுவதற்குக் காரணம் காற்றழுத்தம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருப்பது போலக் குறைந்துவிடும். பாட்டிலுக்குள் மாட்டிய காற்று விரிந்து திரவத்தைத் தள்ளும். மூடுவதற்கு முன் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள், வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன்மேல் மூடியைத் திருகுங்கள், பிறகு ஜிப் வைத்த பையில் போடுங்கள். ஸ்ப்ரே டப்பா என்றால் ஒன்று 500 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, ஆளுக்கு மொத்தம் 2 லிட்டர் என்பது விமான விதி.

அதிகமாக எடுத்துப் போக வேண்டிய சில பொருள்களும் உண்டு. தோல் நோய்க்கு டாக்டர் எழுதிய க்ரீம், மருந்து கலந்த ஷாம்பு போன்றவற்றை மருந்துக் கணக்கில் சேர்த்து அதே அளவுக்கு எடுங்கள். பொடுகுக்குத் தரும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் கிடைக்காது, 1 சதவீதம்தான் கடையில் நேரடியாகத் தருவார்கள். பழகிய நாப்கின் இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும். அங்கே கிடைப்பதன் அளவும் வகையும் வேறாக இருக்கலாம், அதைத் தேடிப் பார்க்க அவகாசம் வேண்டும். லென்ஸ் போடுபவர்கள் கரைசலைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், கிருமி சேர்ந்து கண்ணைப் பாதிக்கும்; சிறிய அளவில் கம்பெனியே விற்பதை வாங்குங்கள். நிறம் கூட்டும் க்ரீம்களை இங்கேயே விட்டுவிடுங்கள். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற ரசாயனம் உள்ளவை ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனமாக விற்கவே தடை, சிலவற்றில் பாதரசமும் இருக்கிறது.

கிளம்பும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு, கண் பரிசோதனை செய்து கூடுதலாக ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொள்ளுங்கள். பல நாடுகளில் சாதாரணக் காப்பீட்டில் இந்த இரண்டும் வராது. தடுப்பூசிப் பதிவுகளையும் எடுத்து வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும்.

மீதி மருந்தை வீட்டிலிருந்து கூரியரில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கையில் கொண்டுவருவதற்கு இருக்கும் சலுகை தபாலில் வருவதற்குப் பல நாடுகளில் இல்லை, சுங்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். தங்கும் அனுமதி அட்டை கைக்கு வந்த வாரமே டாக்டரிடம் பெயரைப் பதியுங்கள். ஒரு மாத மாத்திரை மீதமிருக்கும்போதே அப்பாயின்ட்மென்ட் நாள் கையில் இருக்க வேண்டும். முதல் முறை போகும்போது கடிதத்தோடு மாத்திரையின் காலி அட்டை ஒன்றையும் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அதைப் பார்த்து எழுத வசதியாக இருக்கும்.